ஆயாம்மா பேர் என்ன?

காலை ஒன்பது மணி. மயிலாப்பூர் மாட வீதிகளுக்குப் பின்னால் இருக்கும் ஏதோ ஒரு பாலர் பள்ளி. எல்.கே.ஜி. வகுப்பில் 25 குழந்தைகள். ஒரு குழந்தை வாசலிலேயே அம்மாவின் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு அழுகிறது. இன்னொன்று தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்துவிட்டு ஈரத் தரையையே பார்த்துக்கொண்டு நிற்கிறது. மூன்றாவது குழந்தை, "மிஸ்... உச்சா" என்று ஒற்றைக் காலில் தவிக்கிறது. போர்டில் 'அ' எழுதிக்கொண்டிருந்த மிஸ் திரும்பிப் பார்க்கிறார். அவருக்கு இருப்பது இரண்டு கைகள்தான்.

அந்த நேரத்தில் இன்னொருவர் வருகிறார். சில பள்ளிகளில் அவர் ஆயாம்மா. சில பள்ளிகளில் அக்கா. ஃபீஸ் கொஞ்சம் கூடுதலான பள்ளிகளில் அசிஸ்டென்ட் டீச்சர். அங்கன்வாடியில் உதவியாளர். கூடுதல் கவனம் தேவைப்படும் ஒரு குழந்தையின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தால் ஷேடோ டீச்சர். எந்தப் பெயரில் அழைத்தாலும், மிஸ்ஸின் கை எட்டாத இடத்தில்தான் அவருடைய வேலை ஆரம்பிக்கிறது.

அட்மிஷனுக்குப் போகும்போது பெற்றோர் நிறையக் கேட்கிறார்கள். ஏசி உண்டா, வேன் வருமா, ஸ்மார்ட் போர்டு இருக்கிறதா, எந்த சிலபஸ் என்று பட்டியல் நீளும். ஆனால், 'வகுப்பில் இருக்கும் இரண்டு பெரியவர்களும் வேலையை எப்படிப் பிரித்துக்கொள்கிறார்கள்?' என்று கேட்பவர்கள் குறைவு. குழந்தை அங்கே கழிக்கும் மூன்று மணி நேரம் நன்றாக இருக்குமா என்பது பெரும்பாலும் அந்தப் பதிலில்தான் இருக்கிறது.

அம்மா ஒன்று, பாட்டி ஒன்று

இதைப் புரிந்துகொள்ள வீட்டைப் பார்த்தாலே போதும். "போதும், டி.வி.யை அணை" என்கிறார் அம்மா. "பாவம், இன்னும் பத்து நிமிஷம் பார்க்கட்டுமே" என்கிறார் பாட்டி. மூன்று வயதுக் குழந்தைக்கு இதில் ஒரு பாடம் கிடைத்துவிடுகிறது: யாரிடம் எதைக் கேட்டால் கிடைக்கும்!

வகுப்பறையிலும் இதேதான். பென்சிலைத் தூக்கி எறிந்த பையனிடம் மிஸ் கண்டிப்பாகப் பேசிக்கொண்டிருக்கும்போது, உதவிக்கு இருப்பவர் அவனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டால் அவன் எதைக் கற்றுக்கொள்வான்? அழுத குழந்தையைச் சமாதானப்படுத்தி அவர் உட்கார வைத்த மறுநிமிடம், என்ன நடந்தது என்றே தெரியாமல் மிஸ் அதே குழந்தையை அதட்டினால் அது யாரை நம்பும்? இரண்டு பேர் இருப்பதாலேயே வகுப்பு நன்றாக நடந்துவிடாது. இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டால்தான் நடக்கும்.

எழும்பூரில் ஒரு தகராறு

ஆசிரியரும் உதவியாளரும் வேலையைப் பிரித்துக்கொள்வதில் வந்த ஒரு சிக்கல், உலகப் பள்ளிக்கூடங்களின் வரலாற்றையே கொஞ்சம் திருப்பிவிட்டது. அது நடந்ததும் நம் ஊரில்தான்.

1789-ல், இன்று எழும்பூர் ரயில் நிலையம் இருக்கும் பகுதியில், படைவீரர்களின் ஆதரவற்ற மகன்களுக்காக ஒரு விடுதிப் பள்ளி தொடங்கியது. அதன் கண்காணிப்பாளரானார் ஸ்காட்லாந்திலிருந்து வந்த பாதிரியார் ஆண்ட்ரூ பெல். பாடம் நடத்த உதவி ஆசிரியர்கள் இருந்தார்கள். ஆனால் பெல் நினைத்த மாதிரி படிப்பு நகரவில்லை.

ஒருநாள் அவர் நம் திண்ணைப் பள்ளி ஒன்றைப் பார்த்தார். பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுத்துகளை எழுதிப் பழகிக்கொண்டிருந்தார்கள். காகிதம் வேண்டாம், மை வேண்டாம், தப்பினால் அழித்துவிட்டு மறுபடி எழுதலாம். தன் பள்ளியிலும் இதைச் செய்யச் சொன்னார் பெல். உதவி ஆசிரியரோ இது சரிப்படாது என்று மறுத்துவிட்டார். பெல் அந்த வேலையை ஒரு மாணவனிடமே கொடுத்தார். ஜான் ஃப்ரிஸ்கன் என்ற அந்தப் பையனுக்கு அப்போது வயது எட்டு. சின்னப் பிள்ளைகளுக்கு மணலில் எழுத்து சொல்லிக் கொடுத்தான். அவர்கள் கற்றுக்கொண்டார்கள்.

அதன்பின் பள்ளி முழுவதையும் பெல் அப்படியே மாற்றினார். ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு மாணவ ஆசிரியன், அவனுக்கு ஓர் உதவியாளன். நன்றாகப் படிக்கும் பையனின் பக்கத்தில் தடுமாறும் பையன். 1797-ல் லண்டனில் இதைப் புத்தகமாக வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்று பெயர் பெற்று, பிரிட்டனிலும் பல நாடுகளிலும் ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்கு அது பரவியது. பெல் விட்டுச்சென்ற பணத்தில் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் எழுந்த பள்ளிக்கு இன்றும் பெயர் 'மதராஸ் காலேஜ்'தான்.

மதராஸுக்கு இது புதிதில்லை. நம் திண்ணைப் பள்ளிகளில் ஏற்கெனவே சட்டாம்பிள்ளை இருந்தார். வாத்தியார் இல்லாதபோது மற்றவர்களைப் பார்த்துக்கொள்வதும், சொன்ன பாடத்தைச் சின்னவர்களிடம் திரும்பச் சொல்லவைப்பதும் அந்த மூத்த மாணவனின் வேலை. ஆனால் அந்தச் சொல் இன்று எப்படி மாறிவிட்டது பாருங்கள். எல்லோரையும் அதட்டி அதிகாரம் செய்பவரைத்தான் 'சட்டாம்பிள்ளைத்தனம் பண்றான்' என்கிறோம். உதவிக்கு வைத்தவருக்கு எல்லை எது என்று சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது அந்த ஒரு சொல்லிலேயே தெரிகிறது.

மதராஸ் முறைக்கும் ஒரு விபரீதம் நேர்ந்தது. ஏழைப் பிள்ளைகளுக்குச் செலவில்லாமல் பாடம் நடத்த இது வசதி என்று பலர் பிடித்துக்கொண்டார்கள். ஒரே ஓர் ஆசிரியர், பெரிய கூடம், நூற்றுக்கணக்கான மாணவர்கள். பாடமெல்லாம் சின்னப் பையன்கள் பொறுப்பு. படிப்பு கிளிப்பிள்ளைப் பாடமானது. ஆசிரியருக்குத் துணையாக வந்த உதவியாளர், ஆசிரியருக்குப் பதிலாகவே ஆகிப்போனார். சில பத்தாண்டுகளில் அந்த முறை மங்கியது.

துணையா, பதிலா? இன்றைய எல்.கே.ஜி. வகுப்பிலும் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

அங்கன்வாடியில் கிடைத்த பதில்

துணையாக ஒருவர் வந்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு நல்ல சான்று உண்டு.

1975-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தின்படி, அங்கன்வாடி மையத்தில் ஒரு பணியாளர், ஓர் உதவியாளர். உதவியாளர் சமையல், சுத்தம், குழந்தைகளை அழைத்து வருவது ஆகியவற்றைப் பார்க்கிறார். பணியாளருக்கோ முன்பருவக் கல்வி, எடை பார்ப்பது, சத்துணவு, கர்ப்பிணிகள், வீட்டுக்கு வீடு போய் வருவது, பதிவேடுகள் என்று வேலை குவிந்து கிடக்கும். இத்தனைக்கும் நடுவே பாட்டும் கதையும் சொல்லித் தர நேரம் எங்கே?

அலெஹாந்த்ரோ கானிமியான், கார்த்திக் முரளிதரன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் ஆகிய பொருளாதார அறிஞர்கள் தமிழக அங்கன்வாடிகளில் ஓர் ஆய்வு நடத்தினார்கள். குலுக்கல் முறையில் தேர்வான மையங்களில், அரை நாள் மட்டும் வேலை செய்யும் ஒருவர் கூடுதலாக நியமிக்கப்பட்டார். முன்பருவக் கல்விதான் அவருடைய வேலை. குழந்தைகள் கற்கும் நேரம் இரண்டு மடங்கானது. ஒன்றரை ஆண்டுக்குப் பிறகு கணக்கிலும் மொழியிலும் அவர்கள் மற்ற மையத்துக் குழந்தைகளைவிடத் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். இன்னொரு பலனும் கிடைத்தது. அந்த மையங்களில் கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடும் வயதுக்கேற்ற வளர்ச்சியின்மையும் குறைந்திருந்தன. பாடச் சுமை குறைந்ததால், ஏற்கெனவே இருந்த பணியாளருக்கு உடல்நலத்தையும் சத்துணவையும் கவனிக்க நேரம் கிடைத்தது.

வந்தவர் யாருடைய வேலையையும் பறிக்கவில்லை. 'இது உங்கள் வேலை, இது என் வேலை' என்று பிரித்துக்கொண்டதால் இரண்டு வேலையும் உருப்படியாக நடந்தன.

பக்கத்திலேயே உட்கார்ந்தால்...

பிரிப்பது தப்பாகப் போனால் என்ன நடக்கும் என்பதையும் பார்த்துவிடலாம். 2003 முதல் 2008 வரை இங்கிலாந்து, வேல்ஸ் பள்ளிகளில் பீட்டர் பிளாட்ச்ஃபோர்டு தலைமையிலான லண்டன் பல்கலைக்கழகக் குழு ஒரு பெரிய ஆய்வு செய்தது. உதவி ஆசிரியரின் துணை அதிகம் கிடைத்த மாணவர்கள், அதேபோன்ற நிலையில் இருந்தும் துணை குறைவாகக் கிடைத்த மாணவர்களைவிடக் குறைவாகவே முன்னேறியிருந்தார்கள். கேட்டவர்கள் அதிர்ந்துபோனார்கள்.

பழி உதவியாளர்மீது இல்லை என்றார்கள் ஆய்வாளர்கள். அவர்களைப் பயன்படுத்திய விதத்தில்தான் கோளாறு. உதவியாளர் பக்கத்தில் இருக்கிறாரே என்று, அந்த மாணவர்களிடம் ஆசிரியர் போவதே குறைந்துவிட்டது. படிப்பில் மிகவும் கஷ்டப்படுபவர்களுக்குத்தான் முழுப் பயிற்சி பெற்ற ஆசிரியர் மிகக் குறைவாகக் கிடைத்தார். உதவியாளரோ அன்றைய வேலையை எப்படியாவது முடிக்க வைப்பதிலேயே கவனமாக இருந்தார். குழந்தைக்குப் புரிந்ததா என்பது அடுத்த விஷயமாகிப் போனது. பாடத்துக்கு முன்னால் இருவரும் உட்கார்ந்து பேசவும் நேரம் ஒதுக்கப்படவில்லை.

தி.நகரிலும் அடையாறிலும் ஷேடோ டீச்சர் வைத்திருக்கும் பெற்றோர் இதைக் கொஞ்சம் நிதானமாக யோசிக்க வேண்டும். ஆட்டிசம் உள்ள குழந்தைக்கோ கவனம் சிதறும் குழந்தைக்கோ பக்கத்தில் ஒருவர் இருப்பது பெரிய ஆறுதல்தான். பல இடங்களில் பெற்றோரே சம்பளமும் தருகிறார்கள். ஆனால், மிஸ் அந்தக் குழந்தையைப் பற்றி எது கேட்டாலும், "அவங்ககிட்ட கேளுங்க" என்று ஷேடோ டீச்சரைக் கைகாட்ட ஆரம்பித்தால் உஷாராகிவிடுங்கள். அந்தக் குழந்தை வகுப்புக்குள்ளேயே தனி வகுப்பாகிவிட்டது என்று அர்த்தம். மற்ற குழந்தைகளும் அதனோடு பேச, அந்தப் பெரியவரைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் (2016) கேட்பது உள்ளடக்கிய கல்வி. ஒரே அறையில் ஓர் ஓரமாக உட்கார வைப்பதற்குப் பெயர் அது அல்ல. தினமும் ஒரு பத்து நிமிடமாவது மிஸ் அந்தக் குழந்தையின் பக்கத்தில் உட்கார, அந்த நேரத்தில் மற்ற 24 பேரை உதவிக்கு இருப்பவர் பார்த்துக்கொண்டால், அதுதான் நல்ல பங்கீடு.

அடையாறும் மாநகராட்சியும் சொன்னவை

1939-ல் மரியா மாண்டிசோரி அடையாறு தியசாபிகல் சொசைட்டிக்கு வந்து, நாட்டின் பல பகுதிகளிலிருந்து வந்த ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவருடைய முறையில் நடக்கும் வகுப்புகளில் இந்தப் பங்கீடு தெளிவாக இருக்கும். பாடத்தை அறிமுகப்படுத்துவது ஆசிரியர். அறையைத் தயாராக வைத்திருப்பது, பொருள்கள் இடத்துக்குத் திரும்புகின்றனவா என்று பார்ப்பது, உதவி தேவைப்படும் குழந்தையைக் கவனிப்பது உதவியாளர். குழந்தை தானே செய்யக்கூடியதை அதற்காகச் செய்து கொடுக்கக் கூடாது என்பது இருவருக்கும் பொது விதி. ஷூ வாரைக் கட்டக் குழந்தை ஐந்து நிமிடம் போராடினாலும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அவசரத்தில் கட்டிவிடும் ஆயாம்மாவுக்கும் அப்பா அம்மாவுக்கும் இதுதான் மிகக் கஷ்டமான வேலை!

2003-ல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கி, பிறகு தமிழ்நாடு முழுவதும் போன செயல்வழிக் கற்றலிலும் இந்தக் கணக்கு உண்டு. அட்டையைப் பார்த்துக் குழந்தைகள் குழு குழுவாக உட்கார்ந்தார்கள். ஒரு குழுவுக்கு ஆசிரியரின் முழு உதவி, இன்னொன்றுக்குப் பாதி உதவி, வேறொன்றுக்குச் சக மாணவரின் உதவி, மற்றொன்று தானாகவே செய்துகொள்ளும். யாருக்கு எவ்வளவு உதவி தேவை என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, பிறகு யார் உதவுவது என்று பார்த்தார்கள்.

பேசி வைக்க வேண்டியவை

கல்வி உரிமைச் சட்டம் (2009) ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை 30 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்கிறது. அந்தக் கணக்கில் உதவியாளருக்கு இடமில்லை. ஆகவே இருவரின் வேலையையும் பள்ளியேதான் தெளிவாகப் பிரித்து வைக்க வேண்டும்.

என்ன பாடம், எந்தக் குழந்தை எங்கே தடுமாறுகிறது, அடுத்து என்ன செய்வது ஆகிய மூன்றும் மிஸ்ஸின் பொறுப்பு. இவற்றை உதவியாளர் தலையில் கட்டக் கூடாது. கழிவறை, சாப்பாடு, விழுந்து அடிபட்டால் முதலுதவி ஆகியவற்றில் யார் முதலில் எழுந்து போவது, அவர் போன பிறகு வகுப்பு யார் கண்ணில் இருக்கும் என்பதை முன்கூட்டியே பேசியிருக்க வேண்டும். 'நீங்க பார்ப்பீங்கன்னு நினைச்சேன்' என்ற ஒரு வாக்கியத்தில்தான் பல விபத்துகள் ஆரம்பிக்கின்றன.

பள்ளி விடும் நேரம் இன்னும் முக்கியம். வாசலில் வேன், ஆட்டோ, ஸ்கூட்டர், தாத்தா, பாட்டி என்று திருவிழாக் கூட்டம். யார் தலை எண்ணுவது, யார் கையைப் பிடித்து ஒப்படைப்பது? இரண்டு பேரும் எண்ணினால் நல்லது. இன்னொருவர் எண்ணியிருப்பார் என்று இருவருமே விட்டுவிட்டால்தான் ஆபத்து.

கண்டிப்பதிலும் ஒரே விதி வேண்டும். ஒருவர் 'கூடாது' என்றதை மற்றவர் குழந்தைகள் முன்னால் மாற்றக் கூடாது. மாற்றுக் கருத்து இருந்தால் பிறகு தனியாகப் பேசிக்கொள்ளலாம்.

கடைசியாக, தினமும் பத்து நிமிடம். குழந்தைகள் போன பிறகு இருவரும் உட்கார்ந்து பேச அது போதும். ஏனென்றால், மிஸ்ஸுக்குத் தெரியாத பல விஷயங்கள் ஆயாம்மாவுக்குத் தெரியும். எந்தக் குழந்தை இரண்டு நாளாக டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை, எது கழிவறைக்குப் போகப் பயப்படுகிறது, எந்தக் குழந்தையின் முதுகில் தழும்பு இருந்தது, எது தூங்கி எழுந்ததும் "அப்பா எப்ப வருவாங்க" என்று கேட்டு அழுகிறது என்பதெல்லாம் முதலில் அவர் கண்ணில்தான் படும். அந்தத் தகவல் மிஸ்ஸின் காதுக்கு வராமல் போனால், நஷ்டம் குழந்தைக்கு. பல பள்ளிகளில் அது வராமல் போவதற்குக் காரணம் சின்னது: அவரிடம் யாரும் கேட்பதில்லை. அவர் உட்காரவே வகுப்பில் நாற்காலி இருப்பதில்லை.

தேரும் கட்டையும்

பங்குனியில் கபாலீசுவரர் தேர் மாட வீதியில் வரும்போது, வடம் பிடித்து இழுப்பவர்கள்தான் எல்லோர் கண்ணிலும் படுவார்கள். சக்கரத்தின் அருகே கட்டையோடு ஓடுபவரை அதிகம் பேர் பார்ப்பதில்லை. முக்கில் தேர் திரும்புவது அவர் போடும் கட்டையால்தான். 'முட்டுக்கட்டை' என்று நாம் திட்டுவதற்குப் பயன்படுத்தும் அதே பொருள்தான், தேரைப் பத்திரமாக நிலைக்குக் கொண்டு சேர்க்கிறது. இழுப்பவர்களும் கட்டை போடுபவரும் ஒருவர் குரலை ஒருவர் கேட்காவிட்டால் தேர் நகராது.

வகுப்பறை மாற வேண்டும் என்றால் பள்ளி நிர்வாகம் மாற வேண்டும், சம்பளம் மாற வேண்டும், பயிற்சி வேண்டும். அதற்கெல்லாம் நாளாகும். பெற்றோர் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஆசிரியர் தினத்துக்கு மிஸ்ஸுக்கு வாழ்த்து அட்டை எழுதும்போது இன்னொரு அட்டையும் எழுதலாம். பெற்றோர் கூட்டத்தில், "அவங்களையும் கூப்பிடுங்களேன், அவங்க என்ன சொல்றாங்கன்னு கேட்போம்" என்று சொல்லலாம்.

அதற்கும் முன்னால், இன்று இரவு குழந்தைக்குச் சோறு ஊட்டும்போது ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "உன் கிளாஸ் ஆயாம்மா பேர் என்ன?"

குழந்தைக்குத் தெரிந்திருக்கும். தினமும் மூக்கைத் துடைத்துவிட்டவரின் பெயர் எப்படித் தெரியாமல் போகும்? தெரியாதது பெரும்பாலும் நமக்குத்தான். தெரிந்துகொண்டு, நாளைக் காலை வாசலில் அந்தப் பெயரைச் சொல்லி ஒரு வணக்கம் வையுங்கள். பக்கத்தில் நிற்கும் குழந்தை அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்.